உள்ளங்கால் புள்ளி

அன்புள்ள தங்கைக்கு,

கிரிவலத்தில் உன் காலில் வந்த கொப்புளம் ஆறியபோது, "புண்ணு மூடுனதும் நிறுத்தணும்னு தோலுக்கு யாருண்ணா சொல்றது?" என்று கேட்டாய்.

பக்கத்துச் செல்தான் சொல்கிறது. புண்ணின் ஓரங்களிலிருந்து செல்கள் பெருகி நகர்ந்து வரும். ஒன்றையொன்று தொட்டதும் போதும் என்ற செய்தி உள்ளே போகும்; வளர்ச்சி நிற்கும். பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டினால் பரிமாறுகிறவர் நகர்ந்துவிடுவார் அல்லவா, அதைப் போல. சில செல்கள் மட்டும் அந்தக் கையைப் பார்ப்பதில்லை.

என் குதிகாலில் இருந்த கறுப்பைத் தார்ச் சாலையின் சூடு என்றுதான் நினைத்தேன். "அண்ணாமலையார் வச்ச பொட்டுண்ணா, எனக்கும் ஒண்ணு வச்சிருக்காரு" என்று நீ சிரித்தாய். உன்னுடையதை மருதாணியால் மறைத்தும்விட்டாய்.

என்னுடையதை வேலூரில் வெட்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். கை நீட்டினாலும் நிற்காத செல்கள்தானாம். வியாழக்கிழமை மறுபடி போகிறேன். டாக்டரிடம் உன்னைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன், நீயும் வருகிறாய். இந்தப் பௌர்ணமிக்கு நாம் இருவரும் நடக்கப்போவதில்லை.

மருதாணி இப்போது வெளுத்திருக்கும். காலைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் உட்கார்ந்து, அந்தப் புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று பார்.

உன் அண்ணன்