புளியடி ஒழுங்கைக்கு என்ன நிறம்?

பெப்ரவரி 11

இன்று பதினான்கு வீடுகள். கால் இரண்டும் விட்டுப்போச்சு. ஆனாலும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

"போன கார்த்திகையில வந்த தண்ணியை இப்ப போய் அளக்கிறியளோ மகள்?" என்று வாப்பா காலையில் சிரித்தார். அதேதான் வாப்பா. வழுக்கையாறு இப்போது காய்ந்து கிடக்கிறது. மாடுகள் உள்ளே இறங்கி மேய்கின்றன. மழைக்கு மட்டும் ஆறாகிற ஆறு. அது பெருகினால் எந்த வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வரும் என்று நாங்கள் வரைபடம் செய்கிறோம். பாலத்தடி அளவுகோலில் தண்ணீர் ஒரு கோட்டைத் தொட்டதும், வரைபடத்தில் நீலமாக உள்ள வீடுகளுக்கெல்லாம் அறிவித்தல் போகும். வெள்ளையாக உள்ள வீடுகளுக்குப் போகாது. அவ்வளவுதான் விசயம்.

எனக்குப் பிடித்தது சனம் உயரம் சொல்லும் விதம். ஒருவராவது சென்ரிமீற்றரில் சொல்ல வேண்டுமே! "சாமித்தட்டுக்கு ஒரு சாண் கீழ." "தையல் மெசின்ரை சில்லு மறைஞ்சுது." "என்ரை இடுப்பு, இவரின்ரை துடை." அந்தப் புருஷனையும் பெண்சாதியையும் சுவரோரம் நிறுத்தி அளந்து பார்த்தேன். அந்த இடுப்பும் இந்தத் துடையும் ஒரே உயரத்தில் வந்தன. அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை.

பெப்ரவரி 19

ஆற்றுக்குக் கிழக்கே புளியடி ஒழுங்கை, ஒரு சின்னச் சந்து. பதினொரு வீடு, பதினொரு வீட்டிலும் ஒரே பதில்: "இஞ்சை தண்ணியே வரேல்லை பிள்ளை."

"நல்லதுதானே, அளக்கிற வேலை மிச்சம்" என்றார் ஜெயரூபன் அண்ணை. எங்கள் குழுவில் ட்ரோன் பறக்கவிடுகிறவர். அவருக்கு நிலத்தை மேலிருந்து பார்த்தால் போதும், வீட்டுக்குள் போய்க் கதைப்பது அலுப்பு.

ஆனால் முன் ஒழுங்கையில் முழங்காலளவு. பின் ஒழுங்கையில் முழங்காலுக்கு மேல். நடுவில் இருக்கிற புளியடி மட்டும் எப்படி? இன்னொன்றும் கவனித்தேன். நான் கேள்வி கேட்டால் எல்லோரும் முதலில் ஒழுங்கைக் கோடியில் உள்ள வீட்டைப் பார்த்தார்கள், பிறகுதான் பதில் சொன்னார்கள். புதிதாக மஞ்சள் பெயின்ற் அடித்த வீடு அது.

பெப்ரவரி 20

தண்ணீர் ஒரு ஒழுங்கையைக் குதித்துக் கடக்குமா?

மார்ச் 4

இரண்டு நாளாக நிலமட்டம் எடுத்தோம். புளியடி ஒழுங்கை சுற்றாடலைவிட நாற்பது சென்ரிமீற்றர் பள்ளம். பள்ளம்! உயரம் என்றால் விட்டிருப்பேன்.

பொறியியலாளர் பத்மாசினி மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நிஹ்லா, நீர் ஊகிக்கிறதை எழுதேலாது. வேலி இருந்த இடமெல்லாம் இப்ப மதில். தண்ணி எந்த மதிலிலை முட்டி எங்கை திரும்பும் எண்டு கணினிக்குத் தெரியாது. இருக்கிற சனம் சொல்லி, படிவத்திலை கையெழுத்து வைச்சால்தான் அது அளவு. ஜூலை கடைசியோடை வரைபடம் மூடுறம்."

சரிதான். மதிலை மறந்துவிட்டேன். உயர மதில்கள் அந்த ஒழுங்கையைக் காப்பாற்றியிருக்குமோ? போய் மதிலைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 9

மதிலெல்லாம் பார்த்தாயிற்று. அடியில் மழைத்தண்ணீர் ஓட விட்ட ஓட்டைகள், வீட்டுக்கு நாலைந்து. கோழியே நுழைந்து போகிறது. தண்ணீர் மட்டும் நுழையாதாம்.

மார்ச் 27

மஞ்சள் வீட்டுக்கு எதிர் வீடு இரத்தினம்மாவுடையது. அறுபது வயதிருக்கும். அவருடைய கணவர் பாரிசவாதம் வந்து மூன்று வருடமாகக் கட்டிலோடு. தேத்தண்ணி தந்தார், பனங்கட்டி தந்தார், ஊர்ப் புதினமெல்லாம் சொன்னார். தண்ணீர் மட்டும் வரவில்லை.

குசினியில் பிறிஜ் நாலு சீமெந்துக் கல்லுக்கு மேல் நிற்கிறது.

"ஏனம்மா உதுக்குக் கீழ கல்லு?"

"எலி" என்றார்.

பக்கத்து வீட்டிலும் எலியாம். அதற்கடுத்த வீட்டில் கிணற்று மோட்டாரையே இடுப்பளவு கட்டு கட்டி ஏற்றி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய எலிகள்!

ஏப்ரல் 3

பிடிபட்டுவிட்டது! ஆனால் இப்படியென்று நினைக்கவே இல்லை.

இன்று இரத்தினம்மாவிடம் தண்ணீர் வந்ததா என்று கேட்கவில்லை. "தண்ணிக்குள்ளாலை ஐயாவை எப்பிடித் தூக்கிக்கொண்டு போனனீங்கள்?" என்று கேட்டேன்.

"கதிரையோடை வைச்சுக் கட்டி, நாலு பேராய்…" என்று தொடங்கியவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்தார். "பிள்ளை, உம்மைக் கும்பிட்டன். மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லிப்போடாதையும்."

"எந்த மாப்பிள்ளை?"

அப்போதுதான் கதை வந்தது. மஞ்சள் வீடு இராசநாயகம் ஐயாவின் வீடு. பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து இளைப்பாறியவர். மனைவி இல்லை. ஒரே மகள் டிலக்ஷிக்கு அந்த வீடுதான் சீதனம். வெளிநாட்டு மாப்பிள்ளை பொருந்தியிருக்கிறது, தையில் கலியாணம். மாப்பிள்ளையின் ஆட்கள் வீட்டைப் பற்றி அயலில் விசாரிப்பார்கள், எல்லோரும் செய்கிறதுதான். அந்த நேரம் பார்த்து நான் போய் வீடு வீடாக "தண்ணி வந்ததோ, எவ்வளவு வந்தது, சுவரிலை வெடிப்பு இருக்கோ" என்று கேட்டிருக்கிறேன்.

"நான் முஸ்லிம் எண்டு பாத்தாலே தெரியுதல்லோ அம்மா. பிறகென்னெண்டு மாப்பிள்ளை பகுதி?"

"சோனகப் பிள்ளையை அனுப்பினால் எங்களுக்குச் சந்தேகம் வராதெண்டு நினைச்சிருக்கினம் எண்டெல்லோ நாங்கள் கதைச்சனாங்கள்!"

சிரித்து முடிய எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அவரும் சிரித்தார். ஆனால் படிவத்தை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டார். ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குச் சம்பந்தம் வந்தால் பதினொரு வீட்டுக்கும் ஒரே வாய்தானாம். "நாளைக்கு எங்கடை பேத்திக்கும் ஆள் வரும். அப்ப எங்களுக்கும் உவைதானே சொல்லவேணும்?"

ஏப்ரல் 5

அடையாள அட்டையோடு மஞ்சள் வீட்டுக்கே போனேன். இராசநாயகம் ஐயா அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நான் யாரென்று விளங்கியதும் அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வரைபடம் கிராம அலுவலர் கந்தோர்ச் சுவரில் தொங்குமா என்று கேட்டார். ஓம் என்றேன். யாரும் பார்க்கலாமா? ஓம்.

"தையிலை கலியாண எழுத்து. அண்டைக்குத்தான் அவளின்ரை பேருக்கு வீட்டு உறுதியும் எழுதுறதெண்டு இருக்கு. அதுக்குப் பிறகு நீலம் அடியுங்கோ, கறுப்பு அடியுங்கோ, நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

"தைக்கு முதல் கார்த்திகை வருமே ஐயா. வெள்ளையெண்டு கிடந்தால் உங்கடை ஒழுங்கைக்கு ஒருதரும் அறிவிக்கமாட்டினம்."

"போன முறையும் ஒருதரும் அறிவிக்கேல்லைத்தானே. செத்தா போனம்?"

சாகவில்லைதான். இரத்தினம்மாவின் கணவரைக் கட்டிய கதிரை ஒருமுறை தண்ணீருக்குள் சரிந்ததாம். அதையும் இரத்தினம்மாதான் சொன்னார்.

ஏப்ரல் 6

நான் என்ன செய்ய? அவர்கள் சொல்வது பொய் என்று நான் எழுதிக் கொடுக்கலாம். யாரும் கையெழுத்து வைக்காமல் அது செல்லாது. கையெழுத்து வைத்தால் ஒரு பெண்ணின் கலியாணம் குழம்பும். யாரிடம் போய் இதைக் கதைப்பது?

வாப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். தொண்ணூறில் இயக்கத்தார் முஸ்லிம்கள் எல்லோரையும் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிடச் சொன்னபோது எங்கள் ஆட்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். நான் பிறந்தது புத்தளத்தில், அந்தக் கதை எனக்குக் கேள்விதான். வாப்பா அதைப் பற்றிக் கதைக்கிறவர் இல்லை. இன்று சொன்னார்: "ரெண்டு மணித்தியாலத்திலை மனிசனுக்கு என்ன எடுக்கிறதெண்டே தெரியாது மகள். ஒரு நாள் தந்திருந்தால் உம்மும்மாவின்ரை மருந்தையாவது எடுத்திருப்பம்."

பாலத்தடிக் கோட்டிலிருந்து புளியடிக்குத் தண்ணீர் வர எங்கள் கணக்கில் பதினாறு மணித்தியாலம். பதினாறு! அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோம்.

மே 22

புளியடி இன்னும் வெள்ளை.

ஜூன் 17

எங்கள் கந்தோருக்கு ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் கணிதம் படிப்பிக்கிறாளாம். தலைக்கவசத்தைக் கழற்றாமலே, "நீங்கள்தானே நிஹ்லா? நான் டிலக்ஷி" என்றாள்.

ரெலிபோனில் ஒரு படம் காட்டினாள். மஞ்சள் பெயின்றுக்கு முந்திய வீடு. முன் யன்னலடியில் டிலக்ஷி, இடுப்பளவு தண்ணீர், தலையில் ஒரு பெட்டி. யன்னல் கம்பியில் மூன்றாவது குறுக்குக் கம்பியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கம்பியிலிருந்து நிலத்துக்கு எவ்வளவு என்று அவளே அளந்து ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கணித ரீச்சர்!

எனக்குப் படத்தை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. ஆனாலும் கேட்டேன்: "கலியாணம்?"

"சீதனம் எனக்குத்தானே தாறது? தண்ணி வாற வீட்டிலை நான்தானே இருக்கப்போறன். அவர் லீவிலை வந்து கட்டிப்போட்டுப் போயிடுவார். விசா வர எத்தினை கார்த்திகை போகுமோ ஆருக்குத் தெரியும்?"

"அப்பாவுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை. இதிலை கையெழுத்து வைச்சிட்டுப் போய்ச் சொல்லுவன்." பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள். எழுத்து நேராக இருந்தது.

ஜூன் 19

மூன்றாவது கம்பியின் உயரத்தைப் போட்டதும் பதினொரு வீடும் நீலமாகின. முன் ஒழுங்கைத் தண்ணீரும் பின் ஒழுங்கைத் தண்ணீரும் நடுவில் வந்து சேர்ந்துகொண்டன. எவ்வளவு அழகாக ஒட்டிக்கொள்கிறது! பத்மாசினி மிஸ்கூடக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

சந்தோஷப்பட்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது.

ஓகஸ்ட் 1

வரைபடம் கிராம அலுவலர் கந்தோரில் தொங்குகிறது. நீலத்தில் தங்கள் வீட்டைத் தேடி ஆட்கள் விரல் வைத்து வைத்து இப்போதே ஒரு மூலை அழுக்கு.

ஓகஸ்ட் 23

இரத்தினம்மா ரெலிபோன் எடுத்தார். சம்பந்தம் முறிந்துவிட்டது. சாதகம் சரிவரவில்லையாம். எட்டு மாதமாகச் சரியாக இருந்த சாதகம்!

"இப்ப உமக்குச் சந்தோஷமோ?" என்று கேட்டார்.

இல்லையம்மா, சந்தோஷம் இல்லை. நான் என்ன செய்யிறது? உங்கடை புருஷனுக்காகவும்தானே ஓடித்திரிஞ்சனான். எனக்கு மட்டும் ஆசையோ ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கையைக் குழப்ப? சொல்ல நினைத்தேன். அவர் வைத்துவிட்டார்.

செப்ரெம்பர் 2

டிலக்ஷிக்கு எடுத்தேன். "நான் சுகம்" என்றாள். அப்பா ஒரு கிழமையாக அவளோடு கதைக்கவில்லை என்றும் சொன்னாள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "படம் கொண்டுவந்தது நான், நீங்கள் இல்லை" என்று வெட்டிவிட்டாள்.

நவம்பர் 21

மூன்று நாளாக ஒரே மழை. பிற்பகல் இரண்டு மணிக்குப் பாலத்தடித் தண்ணீர் கோட்டைத் தொட்டது. நீல வீடுகளின் பட்டியல் போனது. புளியடிக்கு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவும் போனது.

போகிறார்களா? கோபத்தில் இருந்துவிடுவார்களோ? ஐந்து மணிக்கு டிலக்ஷியின் செய்தி: "பதினொரு வீடும் பள்ளிக்கூடத்துக்கு வந்திட்டுது. இரத்தினம்மா மாமியின்ரை ஆளை ஓட்டோவிலை ஏத்தினாங்கள், நனையேல்லை."

நவம்பர் 22

விடிய ஆறரைக்குப் புளியடிக்குள் தண்ணீர். நாங்கள் சொன்னது ஆறு மணி.

நவம்பர் 26

தண்ணீர் வற்றிவிட்டது. அளவுத் தடியோடு புளியடிக்குப் போனேன். ஏச்சு விழும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இரத்தினம்மா வாசல் படலையடியிலேயே நின்றார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். "அளந்து பாரும், வடிவாய் அளந்து பாரும். போன முறையை விட ரெண்டு விரல் கூட." அடுத்த வீட்டுக்காரர் அதற்குள் வந்து, தன் வீட்டில் மூன்று விரல் கூட என்றார். பதினொரு வீட்டுக்கும் மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. எட்டு வீட்டில் தேத்தண்ணி.

மஞ்சள் வீட்டைக் கடைசிக்கு விட்டேன். பயம்தான். இராசநாயகம் ஐயா தானே வந்து கேற்றைத் திறந்தார். டிலக்ஷி தடியைச் சுவரோடு பிடிக்க, நான் வாசித்தேன்: தொண்ணூற்று நாலு. எங்கள் கணக்கு எண்பத்தெட்டு. ஆறு சென்ரிமீற்றர் எங்கே பிழைத்தது என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.

படிவத்தில் வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் அவருடைய பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டேன்.

"பொறும் பிள்ளை. அதிலை டிலக்ஷி எண்டு போடும்."

விளங்காமல் நிமிர்ந்து பார்த்தேன். வீட்டு உறுதி கலியாண எழுத்தன்றுதானே எழுத இருந்தது? எழுத்துத்தான் இல்லையே.

"போன மாசமே நொத்தாரிசிட்டைப் போய் உறுதி எழுதிப்போட்டன். சீதனம் எண்டு இல்லை" என்றார். "சும்மா. அவளுக்கு."

டிலக்ஷி தடியை விடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் எழுதியதை வெட்டிவிட்டு அவளுடைய பெயரை எழுதினேன். கையெழுத்துக்குப் படிவத்தை அவளிடம் கொடுத்தேன்.