கனம் பார்த்து வாங்கிய கேமரா

அன்புள்ள மாலாவுக்கு, மஸ்கட்டிலிருந்து உன் முத்து எழுதுவது. நான் நல்ல சுகம். உன் முட்டிவலி தேவலையா?

கடையில் நீ கேட்ட சின்ன கேமரா லென்ஸோடு இருந்தது. பக்கத்திலேயே கல்யாணப் போட்டோக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய கேமரா. நண்டு பொறுக்கிய கை சும்மா இருக்குமா? இரண்டையும் தூக்கிப் பார்த்து, நண்டு மாதிரி கனமானதில்தான் சதை இருக்கும் என்று பெரியதை வாங்கி, ஊருக்குக் கிளம்பிய லோகநாதனிடம் கொடுத்தனுப்பிவிட்டேன்.

அறையில் கூட இருக்கும் ராஜேந்திரன் சிரிக்கிறான். "இன்னாண்ணே, வெறும் ஓடாச்சே அது! லென்ஸ் தனியா வாங்கணும்."

அதை வாங்க இப்போது என்னால் ஆகாது. ஆரம்பாக்கத்துக் கல்யாணத்துக்குப் படம் எடுப்பது, உன் முதல் ஆர்டர். அந்த வீட்டாரை வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடு, மகாராணி. உன் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

லோகநாதன் திரும்பும்போது இறால் கருவாடும் உன் படம் ஒன்றும் கொடுத்தனுப்பு. ஊரையே படம் எடுக்கிறாய், நீ எதிலும் இல்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

முத்து