போகாத பள்ளியில் நூறு சதவீத வருகை

அனுப்புநர்:
சிறுமி ‘சிட்டு’வின் வளர்ப்புத் தாய்,
வளர்ப்புப் பராமரிப்பு இல்லம், பதிவு எண் 317,
மருத்துவமனைச் சலவைப் பிரிவு ஊழியர் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
பள்ளி இட ஒதுக்கீட்டுப் பிரிவு.

பொருள்: அரசுப் பாதுகாப்பில் உள்ள ஒன்பது வயதுச் சிறுமிக்கு எண்பத்தொரு பள்ளி நாட்களாக இடம் ஒதுக்கப்படாதது – உடனே இடம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த மூன்று மனுக்களும், அவற்றுக்குத் தாங்கள் அனுப்பிய மூன்று பதில்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் நான்காவது மனு. முதல் மூன்றையும் பணிவோடு எழுதினேன். இதையும் பணிவோடுதான் தொடங்குகிறேன். எங்கேனும் வார்த்தை தடித்திருந்தால், எழுதுபவள் இரவு வேலை முடித்து நேராகத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தவள் என்று கருதிப் பொறுத்தருள வேண்டும்.

1. பெற்றோரால் பார்த்துக்கொள்ள இயலாத குழந்தைகளைக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் எங்களைப் போன்ற வீடுகளில் ஒப்படைப்பது தாங்கள் அறிந்ததே. நான் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் கணவர் பிளம்பர். கடந்த அக்டோபர் எட்டாம் தேதி சிட்டுவை எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் எங்கள் வீடு அவளுக்கு மூன்றாவது வீடு. ஒரு தோள்பையும், நோட்டுகள் அடுக்கிய செருப்புப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்தாள். ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் திறந்தபோது கேட்டது, “இங்க ஸ்கூல் எப்ப?”

2. பாதுகாப்பில் உள்ள குழந்தை வீடு மாறினால், இருபது பணிநாட்களுக்குள் அருகில் உள்ள பள்ளியில் இடம் தர வேண்டும் என்பது விதி. வகுப்பு நிரம்பியிருந்தாலும் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டுச் சேர்க்க வேண்டும். இதை நான் எந்த வக்கீலிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தங்கள் அலுவலக நான்காம் கவுண்டருக்கு மேலே பலகையில் எழுதி மாட்டியிருக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

3. எங்கள் தெருக்கோடியில் உள்ள பள்ளியின் தலைமையாசிரியை சிட்டுவைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். தங்கள் ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான் வேண்டும் என்றார். அதற்காக அக்டோபர் மாதமே குழந்தையோடு வந்தேன். கவுண்டரில் இருந்த எழுத்தர் அவளுடைய எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணு டெய்லி ஸ்கூலுக்குப் போயிட்டுத்தானே இருக்கு?” என்று கேட்டார். திரையை என் பக்கம் திருப்பியும் காட்டினார். பேருந்தில் ஐந்து மணி நேரத் தொலைவில் உள்ள அவளது பழைய பள்ளியில், நான்காம் வகுப்பில், அன்று காலை வரை அவள் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்திருந்தாள். நூறு சதவீத வருகை. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். “ஏம்மா, எனக்குக் கண்ணு தெரியுது. ஆனா சிஸ்டத்துல அவ அங்கதான் இருக்கா. ஒரு பிள்ளைக்கு ரெண்டு ஸ்கூல்ல இடம் குடுக்க முடியாது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தார். சிட்டுவுக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும். படியிறங்கும்போது என்னிடம், “அப்போ அங்க போறது யாரு?” என்று கேட்டாள்.

4. கணினியில் ஏதோ தவறு, காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். முதல் மனுவைத் தாங்கள் பழைய பள்ளிக்கு அனுப்பிக் கேட்டீர்கள். பள்ளி தன் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, மாணவி தவறாமல் வருவதாகப் பதில் எழுதியது. இரண்டாம் மனுவுக்கு அந்தப் பதிலின் நகலை அனுப்பினீர்கள். இடையில் எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் பாதுகாப்பு அலுவலரும் தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கும் அதே பதிவேட்டைப் பார்த்தே சரிபார்த்திருக்கிறார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, பள்ளி நேரத்தில் குழந்தை எங்கே இருக்கிறாள் என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

5. பார்த்திருந்தால் இதைக் கண்டிருப்பார்கள். தினமும் காலை தலைவாரிக்கொண்டு, செருப்புப் பெட்டியை மடியில் வைத்தபடி மாடிப்படியில் உட்காருவாள். தெருக்கோடிப் பள்ளியில் மணி அடிக்கும். பிள்ளைகளின் சத்தம் அடங்கும். பிறகு எழுந்து உள்ளே வருவாள். எனக்குப் பகல் வேலையும் என் கணவருக்கு வெளியூர் வேலையும் சேர்ந்து வரும் நாட்களில் சலவைப் பிரிவுக்குக் கூட்டிப்போவேன். குழந்தைகளை உள்ளே விடக்கூடாது. மேற்பார்வையாளர் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவார். அங்கே படுக்கை விரிப்புகளைக் கட்டுக்குப் பன்னிரண்டாக அடுக்கி, அதை வைத்துப் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை அவளாகவே கற்றுக்கொண்டாள். ஜனவரியில் தலைவாருவதை நிறுத்தினாள். படியில் உட்காருவதையும் நிறுத்தினாள். ஏன் என்று கேட்டதற்கு, “எனக்கு ஸ்கூல் புடிக்காதும்மா” என்றாள். நான் வருத்தப்படக்கூடாது என்று சொன்ன பொய் அது. அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை ஐயா. சமையலறைக்குப் போய் அழுதேன்.

6. இப்போது அவசரம் என்னவென்றால், வரும் மார்ச் மூன்றாம் தேதி பாதுகாப்பு அலுவலகத்தில் மறுஆய்வு. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறியது எங்கள் பராமரிப்பில் உள்ள குறை என்றும், அன்றைக்குள் பள்ளியில் சேர்க்கப்படாவிட்டால் வகுப்பறை உள்ள காப்பகம் ஒன்றுக்கு அவள் மாற்றப்படுவாள் என்றும் அறிவிப்பு வந்திருக்கிறது. அந்தக் காப்பகம் வேறு ஊரில். அது அவளுக்கு நான்காவது இடமாக இருக்கும். மூன்றாம் மாடியில் உள்ள தங்கள் அலுவலகம் அவள் தினமும் பள்ளிக்குப் போகிறாள் என்கிறது. அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் உள்ள பாதுகாப்பு அலுவலகம் அவள் பள்ளிக்கே போகவில்லை, காரணம் நாங்கள் என்கிறது. நடுவில் இருப்பது இருபத்திரண்டு படிகள். அதில் நான்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

7. இனி எழுதப்போவதை மூன்றாவது மனுவில் மறைத்தேன். ஜனவரி முப்பதாம் தேதி விடுப்பு போட்டு அந்தப் பழைய பள்ளிக்கே போனேன். அக்டோபரிலேயே போயிருக்க வேண்டும். போகாதது என் தப்பு. அங்கே நான்காம் வகுப்பு ஆசிரியர் என்னைக் கண்டதும், “அவ நல்லா இருக்காளா அக்கா?” என்று கேட்டுவிட்டு, அழத் தொடங்கினார். முப்பது பள்ளி நாட்கள் தொடர்ந்து வராத மாணவியின் பெயரை அடித்துவிடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். முன்பு ஒருமுறை சிட்டுவை வேறு வீட்டுக்கு மாற்றி, இரண்டு மாதத்தில் திரும்ப அதே ஊருக்குக் கொண்டுவந்தபோது, பெயர் அடிக்கப்பட்டு இடமும் போயிருந்தது. அரை வருடப் படிப்பு வீணானது. இந்த முறையும் திரும்பிவிடுவாள் என்று நினைத்து, அவளது இடத்தைக் காப்பாற்ற ஆசிரியர் தினமும் ‘வந்தாள்’ என்று குறித்திருக்கிறார். “பேரை அடிக்கக் கை வரலக்கா. அப்புறம் நிறுத்தப் பயமாயிடுச்சு” என்றார். விசாரணைக் கடிதம் வந்தபோதும் பயந்து அதையே எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டாம் வரிசையில் சிட்டுவின் நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தார்.

மறுவாரம் முதல் ‘வரவில்லை’ என்று குறிக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் முப்பது பள்ளி நாட்கள் முடிந்து பெயர் தானாக நீங்குவது மார்ச் பதின்மூன்றாம் தேதி. மறுஆய்வுக்குப் பத்து நாள் கழித்து. அந்தப் பத்து நாளைத் தளர்த்தித் தரும்படி, காரணம் சொல்லாமல், மூன்றாவது மனுவில் கெஞ்சினேன். விதியில் இடமில்லை என்று பதில் அனுப்பினீர்கள்.

8. அன்று புறப்படும்போது ஆசிரியர் நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு ஓர் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். “வேற வழியே இல்லேன்னா மட்டும் குடுங்கக்கா” என்றார். பொய் வருகை குறித்தவருக்கு வேலை போகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினோரு வருட வேலை. அதை நம்பி இரண்டு பிள்ளைகள். மூன்று வாரமாக அந்த உறையை என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஆகவே, பழைய பள்ளிப் பதிவிலிருந்து சிட்டுவின் பெயரை இன்றே நீக்கி, தெருக்கோடிப் பள்ளிக்கான ஒதுக்கீட்டு ஆணையை வழங்கி, அதன் நகலை மார்ச் மூன்றாம் தேதிக்கு முன் நான்காம் மாடிக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அந்த ஆசிரியர் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. அவருடைய பொய்யால் என் பிள்ளை எண்பத்தொரு நாள் பள்ளி இல்லாமல் இருந்தாள். ஆனாலும் இத்தனை அலுவலகங்களில் அவள் திரும்பி வருவாள் என்று காத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவரைத் தண்டிக்கும் கோப்பு எங்கள் கோப்பைவிட வேகமாக நகர்ந்துவிடக் கூடாது என்பதே நான் கேட்கும் தயவு.

வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று இன்று காலை கடைசியாக ஒருமுறை கவுண்டரில் கேட்டேன். ஆதாரம் இருந்தால் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்கிறேன். இது சிட்டுவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், வேண்டாம் என்று என்னைத் தடுத்திருப்பாள்.

இடம்: கல்வி அலுவலகம், மூன்றாம் மாடி
தேதி: பிப்ரவரி 19

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
வளர்ப்புத் தாய், பதிவு எண் 317

இணைப்புகள்:
அ. முந்தைய மனுக்கள், பதில்கள் – நகல்கள்.
ஆ. மறுஆய்வு அறிவிப்பு – நகல்.
இ. ஆசிரியரின் கடிதம் – அசல். உறை ஒட்டியபடியே இருக்கிறது. பிரிக்க எனக்கு மனம் வரவில்லை; தாங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.