இருசாயிக்கு ஆக்கிய கோழிச்சோறு

1961 பிப்ரவரி 6, திங்கள்

என் வீட்டுக்காரி இருசாயி இன்றும் கஞ்சியை ஒதுக்கிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தொட்டில் கட்டி மலைக்குத் தூக்கி வந்து ஒரு வாரம் ஆகிறது. வயிற்றில் புண். காரம், புளி, எண்ணெய் கூடாது, அரிசிச் சோறும் கோழிச்சாறும் கொடுத்துத் தேற்றுங்கள் என்றார் டாக்டர். தேறாவிட்டால் மறுபடி தூக்கி வருவதைக்கூட உடம்பு தாங்காது என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. போன வருஷம்வரை எனக்கும் தெரியாது. எழுதியதை வாசித்துப் பார்த்தேன், நான் நினைத்தது அப்படியே இருக்கிறது. இந்த நிலைமையிலும் அது சந்தோஷமாக இருக்கிறது. என்ன மனுஷன் நான்.

பிப்ரவரி 8

மருமகள் சின்னாயி மிளகாய் போடாமல் கோழிக்குழம்பு வைத்தாள். இருசாயி முகர்ந்து பார்த்து, "மாட்டுக்கு வெச்ச தண்ணியாட்டம் இருக்குது கண்ணு" என்று தள்ளிவிட்டாள்.

உட்கார முடியவில்லை. மிளகுக் கொடிவரை போனேன், வந்தேன். மறுபடி போனேன்.

பிப்ரவரி 9

விடியும்போது மலாயா ஞாபகம். இளவயதில் ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலாகக் கிடந்தபோது, சீனத்துச் சமையற்காரர் ஒருவர் எனக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தார். முழுக் கோழியை இஞ்சி தட்டிப் போட்டுத் தண்ணீரில் வேக வைப்பார். கொழுப்பை வழித்துவிட்டு, அந்தச் சாற்றிலேயே அரிசியை வேக விடுவார். கறியைப் பிய்த்து மேலே வைப்பார். மிளகாய் இல்லை, எண்ணெய் இல்லை, ஆனால் வாசனை ஆளை எழுப்பிவிடும்.

இதை நான் ஆக்கினால் என்ன? நாளைக்குக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி நல்ல அரிசியும் இஞ்சியும் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஆக்கினேன். வாசனையும் வந்தது. அவள் தொடவில்லை.

காலையில் தலைக்குக் குளித்தேன். பலா மரத்தடியில் மூன்று கல் கூட்டினேன். கிழக்கே பார்த்து நின்று சேவலை அறுத்தேன். சோறு இறங்கியதும் முதல் பிடியை இலையில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவளுக்குப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், தட்டைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சாமி சோத்தைப் பொம்பளைக்குக் குடுக்கறீங்களே, நான் இன்னும் எத்தனை நாளைக்குத்தானுங்க இருப்பேன், இந்தப் பாவம் வேறயா?"

சாமிக்கு இல்லை, உனக்குத்தான் என்றேன்.

"அப்ப இலையில எடுத்து வெச்சது யாருக்குங்க?"

திரும்பி இலையைப் பார்த்தேன். எங்கள் குலசாமிக்கு ஆண்கள்தான் ஆக்குவோம், ஆண்கள்தான் உண்போம். பெண்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். மலாயாவிலிருந்து வந்த பிறகு நான் கறி ஆக்கியதெல்லாம் கோயிலில் மட்டும்தான். என் கைக்கு வேறு விதம் தெரியாது. இலையில் எடுத்து வைத்ததுகூட அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

சோற்றை நானும் பக்கத்து ஆண்களும் தின்றோம். நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்க முடியவில்லை.

பிப்ரவரி 13

பிடிவாதம் என்று நினைத்தேன். இல்லை, சாமிக்குப் பயப்படுகிறாள். எனக்கு மட்டும் பயம் இல்லையா? — அவளைத் தூக்கி உட்கார வைத்தால் கையில் எலும்புதான் தட்டுப்படுகிறது.

பிப்ரவரி 15, புதன்

இன்று குளிக்கவில்லை. கோயிலில் எதெல்லாம் கூடாதோ அதெல்லாம் செய்வது என்று தீர்மானித்தேன். சேவல் வேண்டாம், பெட்டை. அறுத்தது சின்னாயி. கிழக்கு வேண்டாம், மேற்கே பார்த்து நில்லம்மா என்றேன். மாமாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்ற முகத்தோடு நின்றாள். வீட்டுக்குள் இருசாயியின் அடுப்பில், இருசாயியின் சட்டியில் வைத்து, வாயில் பீடியோடு இஞ்சி தட்டினேன்.

அவள் படுத்தபடியே பார்த்தாள். "ஏனுங்க, மூஞ்சியாவது கழுவிட்டு ஆக்குனா ஆகாதுங்களா?"

"ஆகாது."

"பீடிச் சாம்பல் சட்டியில உழுகுதுங்க."

"உழட்டும்."

அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. சிரித்ததில் வயிறு வலித்து முனகினாள்.

சாமி சோற்றில் படைக்கும் முன் யாரும் வாய் வைக்கக் கூடாது. அதனால் சட்டி அடுப்பில் இருக்கும்போதே ஒரு கரண்டி சாற்றை ஊதி அவளிடம் கொண்டுபோனேன். உப்புப் பாரு என்றேன். என்னையே பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள்.

குடித்தாள்.

"உப்புப் பத்தலை" என்றாள்.

பிறகு சாற்றில் வெந்த சோற்றை ஒரு கைப்பிடி. நெஞ்சுக்கறியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தேன். மெதுவாக மென்றாள். போதும் என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் என்றாள்.

சின்னாயி வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். நான் அழவில்லை. எழுதும்போது இப்போதுதான் —

பிப்ரவரி 16

சாயந்திரம் அவளாகவே கேட்டாள்.

மார்ச் 7, செவ்வாய்

மிளகு பறிக்கும் இடத்துக்குப் போகிறேன் என்று காலையில் கூடையை எடுத்தாள். வேண்டாம் என்றேன். ஏணியில் ஏறமாட்டேன், கீழே உதிர்ந்ததைப் பொறுக்குகிறேன் என்றாள். பாதி வழியில் திரும்பிவிடுவாள் என்று வாசலிலேயே நின்றேன். வெயில் ஏறியது. எட்டிப் பார்த்தேன், தடத்தில் யாரும் இல்லை.

அவள் பாதியில் திரும்பவில்லை, மிளகுக் கொடிவரை நடந்தே போய்விட்டாள். பசியோடு வருவாள் என்று நான் உள்ளே போய் உலை வைத்தேன்.