ரெக்கார்டில் என் இனிஷியல்

பிப். 2, திங்கள்
பனி. கம்பெனி பஸ் தாமதம். வாங்க: துவரம்பருப்பு, சோப்பு, பென்சில்.
பென்சில் எனக்குத்தான். மகள் திவ்யா பன்னிரண்டாவது. பயாலஜி ரெக்கார்டில் படமெல்லாம் நான்தான் வரைகிறேன். பிள்ளை படிக்கட்டும் என்று. இன்று கடைசிப் படம், மகரந்தப்பை. நன்றாக வந்தது.

பிப். 4, புதன்
வெயில். லைனில் நான் செக் செய்ததில் பதினொரு பீஸ் ரிஜெக்ட்.
ஸ்கூலிலிருந்து போன். நாளை வரணுமாம். பன்னிரண்டு படத்திலும் வலது மூலையில் டிக், என் இனிஷியல். எட்டு வருஷமாகக் கம்பெனியில் செக் செய்த ஒவ்வொரு ட்ரேயின் கார்டிலும் போடுகிற கை. இதிலும் போட்டிருக்கிறது. எனக்குத் தெரியவேயில்லை. புத்தி எங்கே போச்சு?
தி. அழவில்லை. "நான்தான் வரைஞ்சேன்னு சொல்லிக்கீறேன். நீ சும்மா செக் பண்ணி சைன் போட்டன்னு சொல்லு. மாத்திப் பேசிடாதம்மா."
சரி என்றேன். ரசத்தில் உப்பு போட்டேனா, தெரியவில்லை.

பிப். 5, வியாழன்
அரை நாள் லீவு. சூப்பர்வைசர் முகம் தூக்கினார்.
பயாலஜி மிஸ் கத்தவில்லை. தி. முன்னால் வெள்ளைத்தாள் வைத்தார். "மகரந்தப்பை வரைம்மா."
பென்சிலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஷூ லேஸ் கட்டக் காலை நீட்டுவாளே, அந்தப் பார்வை.
"நான்தாங்க மிஸ் வரைஞ்சேன். எல்லாமே."
திங்களுக்குள் அவளே புதிதாக வரைய வேண்டும். இல்லையென்றால் பிராக்டிகலில் உட்கார முடியாது.
ஷேர் ஆட்டோவில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டு வாசலில்தான் வாய் திறந்தாள்: "எல்லாம் நீதான செஞ்ச? ஒரு பொய் சொல்றதுக்கு மட்டும் இன்னா உனுக்கு?"
கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. மதியம் லைனுக்குப் போனேன்.

பிப். 6, வெள்ளி
மேகம். பக்கத்து டேபிள் இசக்கியம்மாள், திருநெல்வேலிக்காரி, பத்தொன்பது வயது. ரூம் எடுத்துத் தானே பொங்கித் தின்கிறாள். நடந்ததைச் சொன்னேன்.
"எங்கம்மைக்கு நான் என்ன வேல பாக்கேன்னே தெரியாதுக்கா" என்று சிரித்தாள்.
வீட்டில் ரெக்கார்ட் நோட்டு புதிது, மேஜைமேல்.

பிப். 8, ஞாயிறு
ஓ.டி. கூப்பிட்டார்கள். போகவில்லை. காலையிலிருந்து ரப்பர் தேய்க்கிற சத்தம். இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவை உட்கார்ந்தேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். அவள் கூப்பிடவில்லை.
அவள் குளிக்கப் போனபோது நோட்டைத் திறந்தேன். ஒன்பது முடிந்திருக்கிறது. மகரந்தப்பை கோணல். வலது மூலையில் டிக். கீழே அவள் இனிஷியல்.