பெண்வீட்டார் வருவதற்குள்

எபனேசர்,

பெண்வீட்டார் பதினொரு மணிக்குத் திருமங்கலத்திலிருந்து வருகிறார்கள். அம்மா கேசரி கிண்டி மூடி வைத்துவிட்டுப் பால் வாங்கப் போயிருக்கிறாள். டூட்டி முடிந்து வந்ததும், அவள் திரும்புவதற்குள் இதைப் படித்துவிடு.

நேற்றுப் பெண்ணின் அப்பா போனில், "மாப்ள அந்த முதியோர் இல்லத்துல மேனேஜராமே?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். உன் தாத்தா தலைமையாசிரியர், நான் சபை மூப்பர். என் மகன் கிழவர்களைக் குளிப்பாட்டி, பீத்துணி அலசுகிறான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அவங்களக் கழுவுறதும் கர்த்தருக்குச் செய்றதுதான்ப்பா" என்று நீ சொன்னபோது, "எனக்கே பிரசங்கமாடா?" என்று கத்தினேன். பதில் தெரியாமல்தான் கத்தினேன்.

வீட்டில் இருந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்து மறுபடியும் பொய்தான் சொல்வேன். அதனால் வெளியே போகிறேன். உள்ளதை நீயே சொல்லிவிடு.

அப்பா

நீலச் சட்டையைத் தேய்த்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். பீரோ சாவி மீட்டர் பெட்டி மேல்.

அவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டால் போன் செய். போகாவிட்டாலும் செய். சர்ச்சில்தான் இருப்பேன். ஜெபம் வராது, சும்மா உட்கார்ந்திருப்பேன்.