உருண்டை எழுத்தில் அபாயம்

அம்மாவுக்கு வணக்கம். ஆலையின் எச்சரிக்கைப் பலகைகளை எல்லாம் மாற்றிவிட்டார்கள். போன வாரம் மேஸ்திரியே சொன்னார். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

புதிய எழுத்தில் கூர்முனையே இல்லை. குழந்தைகளின் சோப்பு டப்பாவில் இருப்பதுபோல ஒவ்வொரு முனையும் உருண்டை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மிரளக்கூடாதாம். விடுதியில் என் பக்கத்துக் கட்டில் வெல்டர், பலகையை ஏதோ விளம்பரம் என்று நினைத்துப் படிக்காமலே அமில அறைக்குள் போய்விட்டான். "இப்படிக் கொஞ்சிக் கொஞ்சி எழுதினா எவன்டா பயப்படுவான்?" என்று கட்டுப்போட்ட கையோடு சிரிக்கிறான். கவலைப்படாதே, அவனுக்கு மூன்று விரல்கள் நன்றாக அசைகின்றன.

தடித்த கையுறை ஒரு ஜோடி அனுப்பு. கடிதத்தை உன் கையாலேயே, பெரிதாக எழுது. கட்டிலுக்கு மேலே ஒட்டிக்கொள்வேன்.

பழைய பலகையைத் திரும்ப மாட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். புதன்கிழமை பதில் சொல்வார்களாம். அந்த அமில அறையில் எனக்கு வேலை திங்கட்கிழமையே தொடங்குகிறது. சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகன்